டீசல் பிக்கப்பின் இரட்டை பேட்டரி: எப்படி இயங்குகிறது?

பெரிய ஓட்டலின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், சமையல்கட்டுக்கு வெளியே காஸ் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் 19 கிலோ காஸ் கொள்ளும் வணிகச் சிலிண்டர். எல்லாவற்றின் வாயும் ஒரே குழாயில் சேரும். அந்தக் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே பர்னர்களுக்குப் போகும். நாள் முழுக்கச் சமைப்பதால் நிறைய காஸ் தேவை, அதனால்தான் இத்தனை சிலிண்டர் என்று தோன்றும். அது பாதிக் காரணம்தான்.

மீதிக் காரணம் சிலிண்டருக்குள் இருக்கிறது. உள்ளே இருப்பது திரவம். அது ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் சிலிண்டரின் சுவர் வழியாகத்தான் உள்ளே போக முடியும். ஒரே சிலிண்டரில் நான்கு பெரிய பர்னர்களை மாட்டி இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து வியர்க்கும், சமயத்தில் மேலே வெண்பனி படியும். உள்ளே பாதி காஸ் இருக்கும்போதே தீ சுருங்கிவிடும். இருப்பு வேறு, ஒரே மூச்சில் எடுத்துக் கொடுக்கும் திறன் வேறு. ஓட்டல்காரர் சிலிண்டர்களைச் சேர்த்துக் கட்டுவது இரண்டாவதற்காகவும்தான்.

அமெரிக்காவில் ஓடும் கனரக டீசல் பிக்கப்பின் பானட்டைத் திறந்தால் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம். ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவ்ரலே சில்வராடோ 2500 போன்ற வண்டிகளின் டீசல் ரகங்களில் பேட்டரி இரண்டு. அவற்றை மாற்றும் நாள் வரும்போது எதைப் பார்த்து வாங்குவது, எப்படி உட்கார வைப்பது, ஏன் அவ்வளவு இறுக்கிக் கட்ட வேண்டும் என்பதை இந்த ஓட்டல் சிலிண்டர் வரிசையை மனதில் வைத்துக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

ஏன் இரண்டு?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். நம் ஊர் லாரிகளிலும் பேட்டரி இரண்டு உண்டு. அங்கே ஒன்றின் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அமெரிக்க பிக்கப்பில் அப்படி இல்லை. பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் என்று பக்கவாட்டு இணைப்பு. வோல்ட் 12 ஆகவே இருக்கும். கொடுக்கும் ஆம்பியர் இரட்டிப்பாகும். லாரியைப் பார்த்த பழக்கத்தில் பிக்கப்பின் இணைப்பை மாற்றிப் போட்டால் வண்டியின் மின்னணுப் பாகங்களுக்கு 24 வோல்ட் போய்ச் சேரும். கழற்றுவதற்கு முன் எந்த வயர் எங்கே போகிறது என்று கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை ஆம்பியர் எதற்கு? டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தியே சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பற்ற வைக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் அழுத்த விகிதம் ஏறத்தாழ பத்துக்கு ஒன்று. இந்த டீசல் எஞ்சின்களில் பதினாறு, பதினேழுக்கு ஒன்று. இதை எதிர்த்து எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் பல நூறு ஆம்பியர் கேட்கும். அதற்கு முன்பே குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றவும் மின்சாரம் செலவாகும். ஃபோர்டின் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குளோ பிளக் இருக்கிறது. ராமின் கம்மின்ஸ் எஞ்சினில் 2024 மாடல் வரை உள்ளே வரும் காற்றையே சூடாக்கும் ஹீட்டர் இருந்தது. சாவியைத் திருப்பிய சில நொடிகளில் எல்லாப் பர்னரும் ஒன்றாக எரியத் தொடங்கும் சமையல்கட்டு இது. ஒற்றை பேட்டரி அதற்குப் போதாது.

உள்ளே நடப்பது

கார் பேட்டரியின் அடிப்படை 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே செய்த ஈய-அமில மின்கலம். 1881-இல் கமீய் ஃபோர் ஈய ஆக்சைடுக் குழம்பைத் தகட்டின் மேல் பூசும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய பேட்டரியின் உள்ளேயும் அதே அமைப்புதான். ஈயச் சட்டங்களில் பூச்சு அப்பியிருக்கும். அந்தத் தகடுகள் கந்தக அமிலம் கலந்த நீரில் நிற்கும். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறு செல்கள் சேர்ந்தால் 12.6 வோல்ட். நாம் 12 வோல்ட் பேட்டரி என்று சொல்வது இதைத்தான்.

மின்சாரம் வெளியே போகும்போது அமிலத்தின் கந்தகம் தகடுகளில் லெட் சல்ஃபேட்டாகப் படிகிறது. கரைசல் மெல்ல மெல்லத் தண்ணீராகிறது. சார்ஜ் ஏறும்போது எல்லாம் திரும்ப நடக்கிறது. இந்த வேதிவினை தகட்டின் பரப்பில்தான் நடக்கும். எத்தனை பரப்பு அமிலத்தைத் தொடுகிறதோ அத்தனை ஆம்பியர் ஒரே நேரத்தில் கிடைக்கும். சிலிண்டரின் சுவர் ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது போல, இங்கே தகட்டின் பரப்பு தீர்மானிக்கிறது. அதனால்தான் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். இன்வெர்ட்டர், படகு போன்றவற்றுக்கான ஆழ்சுழற்சி பேட்டரியில் தடித்த தகடுகள் குறைவாக இருக்கும். அது நீண்ட நேரம் நிதானமாகக் கொடுக்கும், சட்டென்று அள்ளிக் கொடுக்காது.

ஒரு இடத்தில் சிலிண்டரும் பேட்டரியும் பிரிந்துவிடுகின்றன. சிலிண்டர் தீர்ந்தால் மாற்ற வேண்டும். பேட்டரியை ஆல்டர்னேட்டர் ஓட்டத்திலேயே நிரப்புகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் ஏறத்தாழ 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கும். ஆனால் ஆல்டர்னேட்டர் செலவானதை ஈடுகட்ட வைத்தது. அடியோடு இறங்கிய பேட்டரியை நிரப்பும் வேலையை அதன் தலையில் கட்டினால் அது சூடேறித் தேயும். புதிய பேட்டரியைக்கூட முதலில் தனிச் சார்ஜரில் நிரப்பிவிட்டு மாட்டுவதே முறை.

குளிர் காட்டிக்கொடுக்கும், வெயில் கொல்லும்

மலையூர்களில் குளிர்காலக் காலையில் அடுப்பு சோம்பலாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பேட்டரிக்கும் அதே கதி. குளிரில் வேதிவினை மெதுவாகிறது. மைனஸ் 18 டிகிரியில், முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரிகூட வெதுவெதுப்பான நாளில் கொடுப்பதில் பாதியைக் கொடுக்கவே திணறும். அதே குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, ஸ்டார்ட்டர் கேட்கும் ஆம்பியர் ஏறும். மினசோட்டா, நார்த் டகோட்டா போன்ற மாநிலங்களில் ஜனவரி இரவுகள் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். அங்கே பிக்கப் ஓட்டுபவருக்கு இது அன்றாடப் பிரச்சினை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முழு சார்ஜில் இருக்கும் அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர். அது மைனஸ் 10 டிகிரிக்கு அருகிலேயே உறைந்து, பெட்டியை வெடிக்க வைக்கும். உறைந்த பேட்டரிக்குச் சார்ஜரோ ஜம்ப் வயரோ மாட்டக் கூடாது.

ஆனாலும் பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில்தான். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அரிசோனாவின் கோடையில் பானட்டுக்குள் வெந்து, தகட்டின் சட்டம் அரித்துப் பலவீனமான பேட்டரி, நவம்பரில் முதல் குளிர் வரும்போது கைவிடும். பழி குளிரின் மேல் விழும். பேட்டரியைச் சுற்றி வெப்பத் தடுப்பு உறை வந்திருந்தால், புதியதை மாட்டும்போது அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் சிலிண்டரை வைக்காததற்கு என்ன காரணமோ அதுவேதான் இதற்கும்.

லேபிளில் படிக்க வேண்டிய எண்கள்

கடையில் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் எண்களில் இரண்டை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது சி.சி.ஏ. என்னும் குளிர்நிலை ஆம்பியர். மைனஸ் 18 டிகிரியில், 30 நொடிகள், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் கொடுக்க முடியும் என்பதே அந்த எண். எத்தனை பர்னர் தாங்கும் என்ற கேள்விக்கான பதில் இது. ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலுக்கு நிறுவனம் தருவது தலா 750 சி.சி.ஏ. கொண்ட இரண்டு பேட்டரிகள். மாற்றும்போது இதற்குக் கீழே போகக் கூடாது. சற்று மேலே போகலாம். சில பேட்டரிகளில் சி.ஏ. என்று மட்டும் போட்டுப் பெரிய எண் கொடுத்திருப்பார்கள். அது 0 டிகிரியில் எடுத்த அளவு. அதனால்தான் எண் பெரிதாகத் தெரிகிறது. ஒப்பிடும்போது சி.சி.ஏ.யைச் சி.சி.ஏ.யோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது ஆர்.சி. என்னும் இருப்பு நிமிடங்கள். 27 டிகிரியில் 25 ஆம்பியர் தொடர்ந்து எடுத்தால் 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்பது கணக்கு. இது சிலிண்டரில் எத்தனை கிலோ காஸ் என்பதற்குச் சமம். பனி தள்ளும் கலப்பை மாட்டிய வண்டி, வின்ச் வைத்த வண்டி, பின்னால் முகாம் அறையைச் சுமக்கும் வண்டி ஆகியவற்றுக்கு இந்த எண் அதிகம் வேண்டும்.

இரண்டும் ஒரே பெட்டிக்குள் போட்டி போடுகின்றன. தகட்டை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் சி.சி.ஏ. ஏறும், தடிப்பாக்கினால் தாங்கும் ஆயுள் ஏறும். ஆகவே சி.சி.ஏ. எண் மிகப் பெரிதாக இருப்பதையே நல்ல பேட்டரி என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வண்டியின் கையேடு கேட்பதைப் பூர்த்தி செய்துவிட்டு, மிச்சக் காசை ஆர்.சி.க்கும் உத்தரவாத ஆண்டுகளுக்கும் கொடுங்கள்.

செய்த தேதியையும் பாருங்கள். பல அமெரிக்க பேட்டரிகளில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து மாதம்: ‘ஏ’ என்றால் ஜனவரி, ‘பி’ என்றால் பிப்ரவரி. எண் ஆண்டின் கடைசி இலக்கம். அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கிய பேட்டரி தானாகவே சார்ஜ் இழந்து, தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்குள் செய்ததாக எடுங்கள். இரண்டும் ஒரே தேதியாகக் கேளுங்கள்.

குரூப் எண்: பெட்டி தட்டில் உட்காருமா?

அமெரிக்காவில் பேட்டரியின் வெளி அளவைக் குரூப் எண் சொல்கிறது. இதை வகுத்தது பேட்டரி கவுன்சில் இன்டர்நேஷனல் என்ற தொழில் அமைப்பு. எஃப்-250 அடங்கிய ஃபோர்டு சூப்பர் டியூட்டி வரிசையின் டீசல்களில் பரவலாக இருப்பது குரூப் 65: ஏறத்தாழ 306 மி.மீ. நீளம், 190 அகலம், 192 உயரம். குரூப் 27 அதே நீளம். ஆனால் அகலம் 173, உயரம் 225. குரூப் 31 இன்னும் பெரியது: 330 நீளம், 173 அகலம், 240 உயரம். இந்த எண் வெளி அளவை மட்டும் சொல்லாது. பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம், அடியில் கிளாம்ப் பிடிக்க விளிம்பு உண்டா என்பதும் அதிலேயே அடங்கும். எண்ணுக்குப் பின் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் முனைகள் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். ஜப்பானிய முறையில் எழுதிய பேட்டரியானால், 95டி31ஆர் என்பதில் 31 என்பது செ.மீ. கணக்கில் நீளம், கடைசி எழுத்து முனை எந்தப் பக்கம் என்பதைக் காட்டும்.

இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடலாமே என்ற ஆசையில்தான் தப்பு நடக்கிறது. குரூப் 65 இருந்த இடத்தில் குரூப் 31 வைத்தால் உயரம் 48 மி.மீ. கூடுகிறது. பானட்டை மூடும்போது பாசிட்டிவ் முனை பானட்டின் இரும்பில் தொட்டால் பேட்டரியின் முழுச் சக்தியும் ஒரே இடத்தில் பாய்ந்து தீப்பற்றும். மூடும்போது தொடாமல் இருந்தாலும் குழியில் வண்டி குதிக்கும்போது தொடலாம். சோதிக்க எளிய வழி உண்டு. வயர்களை இணைக்கும் முன், இரண்டு முனைகளில் பாசிட்டிவின் மேல் மட்டும் பிசைந்த கோதுமை மாவு உருண்டை ஒன்றை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, பானட்டை மெல்ல இறக்குங்கள். மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பது இடைவெளியைச் சொல்லிவிடும். விரல் பருமனுக்குக் குறைவாக இருந்தால் அந்த பேட்டரி அந்த வண்டிக்கு வேண்டாம்.

குரூப் 31-இன் சில ரகங்களில் கூம்பு முனைக்குப் பதில் மரையிட்ட போல்ட் நிற்கும். வழக்கமான கிளாம்பை அதில் மாட்டி இறுக்கினால் ஓரிரு மரைகளில் மட்டும் தொடும். பிக்கப்புக்குக் கூம்பு முனை உள்ளதையே கேளுங்கள்.

எந்த வகை?

வழக்கமான ஈர பேட்டரியில் அமிலம் திரவமாக நிற்கும். விலை குறைவு, சூட்டை ஓரளவு தாங்கும். ஏ.ஜி.எம். வகையில் கண்ணாடி இழைப் பாய் அமிலத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தகடுகளை இறுக்கிப் பிடிக்கிறது. கரடுமுரடான பாதையில் அதிர்வைத் தாங்குவதும், அள்ளிக் கொடுப்பதும் அதன் பலம். அதிக வோல்ட்டில் சார்ஜ் ஆவதும் பானட்டுக்குள் தேங்கும் சூடும் அதன் பலவீனம். முழு சார்ஜில் 12.8 வோல்ட்டோ சற்றுக் கூடுதலோ காட்டும். வண்டியோடு ஏ.ஜி.எம். வந்திருந்தால் ஏ.ஜி.எம்.மையே போடுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடை மிகக் குறைவு. ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சாதாரண லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றினால் அது பாழாகும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் எஞ்சினைக் கிளப்ப அது பொருந்தாது.

ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள்

முறையாகப் போட்ட ஓட்டல் குழாயில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் ஒருவழி வால்வு இருக்கும். நிரம்பிய சிலிண்டரின் காஸ் காலிச் சிலிண்டருக்குள் போகாமல் அது தடுக்கும். பிக்கப்பின் இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே அப்படி எந்த வால்வும் கிடையாது. இருப்பது ஒரு தடித்த தாமிர வயர் மட்டும்.

அதனால் 12.6 வோல்ட்டில் நிற்கும் புதிய பேட்டரியை, 12.2 வோல்ட்டுக்கு மேல் ஏறாத பழைய பேட்டரியோடு இணைத்தால், இரவு முழுக்கப் புதியது பழையதற்குள் வடிந்துகொண்டே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பெரும்பங்குச் சுமையைப் புதியது சுமக்கும். சார்ஜ் ஏறும்போது பழையது கரண்டை விழுங்கிச் சூடாகும். ஓரிரு ஆண்டில் புதியதும் பழையதாகிவிடும். காசு மிச்சம் என்று நினைத்து ஒன்றை மட்டும் மாற்றுபவர் இரண்டாம் முறையும் கடைக்கு வருவார். ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே குரூப், ஒரே தேதி: இரட்டை பேட்டரிக்கு இந்த நான்கும் வேண்டும்.

பழையதில் எது போயிற்று என்று அறிய, வயர்களைப் பிரித்துவிட்டுத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சேர்ந்திருக்கும்போது மல்டிமீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சி.சி.ஏ.யில் பாதி ஆம்பியரை 15 நொடி இழுத்து, 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்ப்பது கடைகளில் செய்யும் சுமைச் சோதனை.

ஃபோர்டின் பழைய 6.0 லிட்டர் டீசல் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் இன்ஜெக்டர்களை இயக்கும் மின்னணுப் பெட்டி பேட்டரியின் 12 வோல்ட்டை 48 வோல்ட்டாக உயர்த்துகிறது. பேட்டரி தளர்ந்தால் அந்தப் பெட்டி கூடுதலாக உழைத்துச் சேதமாகும். அதன் விலையோடு ஒப்பிட்டால் இரண்டு பேட்டரியின் விலை சிறியது.

கழற்றும் வரிசை

கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். ஈர பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். ஹைட்ரஜன் மேலே ஏறிப் பானட்டின் அடியில் தேங்கும். பானட்டைத் திறந்து சற்று நேரம் காற்றாட விட்டுத் தொடங்குங்கள்.

முதலில் நெகட்டிவ். இங்கேதான் இரட்டை பேட்டரிக்கான விதி வருகிறது: ஒரு பேட்டரியின் நெகட்டிவை மட்டும் கழற்றிவிட்டு அதன் பாசிட்டிவில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. மற்ற பேட்டரி அந்த பாசிட்டிவ் வயரை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது. ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் உடலில் பட்டால் பொறி பறந்து, ஸ்பேனரே பற்றவைத்தது போல் ஒட்டிக்கொள்ளும். எனவே இரண்டு நெகட்டிவ்களையும் கழற்றி, துணி சுற்றி ஓரமாக ஒதுக்குங்கள். பிறகு இரண்டு பாசிட்டிவ்கள். அதன் பின் பிடிப்புக் கட்டைகள். மாட்டும்போது தலைகீழ் வரிசை: கட்டு, இரண்டு பாசிட்டிவ், கடைசியில் இரண்டு நெகட்டிவ்.

குரூப் 65 ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். கைப்பிடியைப் பிடித்து நேராகத் தூக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அமிலம் கசியும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கட்டுவது

பேட்டரி மாற்றும் வேலையில் மிகக் குறைவாக மதிக்கப்படும் பகுதி இதுதான். பழைய பிடிப்புக் கட்டையின் போல்ட் துருப்பிடித்து முறிந்திருக்கும். ‘இருபது கிலோ எடை, தானாகவே உட்கார்ந்துகொள்ளும்’ என்று அப்படியே விட்டுவிடுவார்கள். ஓட்டலில் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுச் சுவரோடு பிணைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அசையாமல் நிற்கும் சிலிண்டருக்கே அந்தக் கட்டு. பேட்டரியோ மண்பாதையில் குதித்து ஓடும் வண்டிக்குள் இருக்கிறது. குழியில் விழும்போது எடையின் மூன்று மடங்கு விசை வந்தால், 20 கிலோ பெட்டி அந்த நொடியில் 60 கிலோவாக இழுக்கும்.

கட்டில்லாத பேட்டரி பெயர்ந்து விழுவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே சேதம் தொடங்கிவிடும். தகட்டின் மேல் இருப்பது அப்பிய பூச்சு. பேட்டரி தட்டில் ஒவ்வொரு முறை தட்டும்போதும் பூச்சு துகளாக உதிரும். உதிர்ந்த அளவுக்குப் பரப்பு குறையும். பரப்பு குறைந்தால் ஆம்பியர் குறையும். உதிர்ந்த துகள் அடியில் சேர்ந்து, உயர்ந்து, ஒருநாள் இரண்டு தகடுகளை இணைத்துவிடும். அந்த செல் செத்தால் பேட்டரி 10.5 வோல்ட்டில் நின்றுவிடும். செல்களை உள்ளே இணைக்கும் ஈயப் பாலங்களும் அதிர்வில் விரிசல் விடும். வெளியே, ஆடும் பேட்டரி தன் முனைகளில் மாட்டிய வயரை இழுத்து இழுத்துத் தளர்த்தும். கட்டு என்பது பேட்டரியின் ஒரு பாகம். அது இல்லாமல் மாட்டிய பேட்டரி வாங்கிய நாளிலிருந்தே தேயத் தொடங்குகிறது.

வேலையைத் தட்டிலிருந்து தொடங்குங்கள். காலித் தட்டில் வெள்ளைப் பொடியும் துருவும் இருக்கும். ஒரு கப் தண்ணீரில் ஒரு பெரிய கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றினால் அமிலம் நுரைத்து நடுநிலையாகும். நுரை அடங்கியதும் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். இந்தத் தண்ணீர் பேட்டரியின் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி வண்ணம் பூசுங்கள். தட்டில் ஓட்டை விழுந்திருந்தாலோ, தட்டைத் தாங்கும் கால் விரிசல் விட்டிருந்தாலோ, புதிய தட்டு வாங்குங்கள். தட்டின் வடிகால் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கூழாங்கல், பழைய போல்ட் எதுவும் கீழே கிடக்கக் கூடாது. பேட்டரி அதன் மேல் உட்கார்ந்தால் பெட்டியின் அடி துளைபடும்.

பிடிப்புக் கட்டை இரண்டு விதம். பேட்டரியின் அடி விளிம்பை ஆப்புப் போன்ற ஒரு துண்டால் அழுத்திப் பிடிப்பது ஒன்று. மேலே ஒரு பட்டை போட்டு, இரண்டு பக்கமும் நீண்ட கொக்கி போல்ட்டால் தட்டோடு இழுப்பது இன்னொன்று. அடிப்பிடி வகையில் பேட்டரியின் விளிம்பு தட்டின் மறுபக்க உதட்டுக்குள் முழுமையாக நுழைந்த பிறகே ஆப்பை இறுக்க வேண்டும். மேல்பட்டை வகையில் பட்டை எந்த முனைக்கும் அருகில் போகக் கூடாது. இரும்புப் பட்டையானால் மேலே ரப்பர் உறை வேண்டும். கொக்கி போல்ட்டின் மேல்நுனி நட்டுக்கு மேல் நெடிதாக நீண்டிருந்தால் அதுவும் முனை வயரைத் தொடலாம்.

எவ்வளவு இறுக்குவது? இரண்டு கையாலும் பேட்டரியைப் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பேட்டரி தனியாக அசையக் கூடாது. வண்டியே லேசாக ஆட வேண்டும். அதற்கு மேல் இறுக்காதீர்கள். பிளாஸ்டிக் பெட்டி வளைந்து உப்பினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். மூடியின் ஒட்டு பிளந்து அமிலம் கசியும். நைலான் கயிறு, துணி பெல்ட், மரக்கட்டைத் துண்டு, மடித்த அட்டை ஆகியவற்றால் இடைவெளியை அடைப்பது ஒருநாளும் வேண்டாம். அமிலம் அவற்றை அரிக்கும், சூடு இளக்கும். பேட்டரி தட்டைவிடச் சிறியதாக இருந்து இடைவெளி விழுந்தால், வாங்கியதே தவறான குரூப். மாற்றிக் கொடுத்து வாங்குங்கள்.

இரண்டு பேட்டரிக்கும் இதே கவனம் வேண்டும். பேட்டரி அருகில் உள்ள ஏர் ஃபில்டர் குழாய், ஃபியூஸ் பெட்டி, கூலன்ட் குப்பி எதுவும் தொட்டுக்கொண்டு நிற்காமல் பாருங்கள்.

இணைப்பு

சிலிண்டர் மாற்றியதும் ரெகுலேட்டர் வாயில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பது போல, பேட்டரி மாற்றியதும் இணைப்பைச் சோதிக்க வேண்டும். முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, கிளாம்பை முனையின் அடிவரை இறக்கி இறுக்குங்கள். பாசிட்டிவ் கூம்பு நெகட்டிவைவிடச் சற்றுப் பருமனானது. தவறிப் போய் மாற்றி மாட்டாமல் இருக்கவே அந்த வித்தியாசம். கிளாம்ப் நுழையவில்லை என்று சுத்தியலால் தட்டினால் முனையின் அடி உடையும். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினால் அரிப்பு தள்ளிப்போகும்.

அழுக்கு எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போடலாம். ஒரு இணைப்பில் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருக்கிறது, 600 ஆம்பியர் போகிறது என்றால், அங்கே மட்டும் 0.6 வோல்ட் காணாமல் போகும். 360 வாட் சூடாக மாறும். அதே பாதையில் அப்படி நான்கு இணைப்பு அடுத்தடுத்து இருந்தால் 2.4 வோல்ட் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேராது. மல்டிமீட்டரின் ஒரு கம்பியை பேட்டரி முனையின் நடுவிலும் மறு கம்பியை அதில் மாட்டிய கிளாம்பிலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் எண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். 0.2 வோல்ட் காட்டினால் திரும்பக் கழற்றித் தேயுங்கள். இரண்டு பேட்டரியின் இரண்டு முனைகளிலும், எஞ்சினுக்குப் போகும் எர்த் வயரிலும் இதைச் செய்யுங்கள். ஒரு பேட்டரியின் எர்த் அரித்துப் போயிருந்தால் வண்டி உண்மையில் ஒற்றை பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாக எஞ்சினைக் கிளப்பி, இரண்டு பேட்டரியிலும் சார்ஜ் வோல்ட் பாருங்கள். பழைய பேட்டரிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தால், புதியதை வாங்கும்போது அவற்றுக்காகக் கட்டிய முன்பணம் திரும்பும். அவற்றின் ஈயம் உருக்கப்பட்டு மீண்டும் பேட்டரியாகும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பானட்டைத் திறந்து பிடிப்புக் கட்டையை ஒருமுறை மறுபடி இறுக்குங்கள். புதிய பெட்டி தட்டில் படிந்து சற்றே தளர்ந்திருக்கும்.

நம் ஊரில் ஓடும் சிறு பிக்கப்களில் பெரும்பாலும் ஒரே 12 வோல்ட் பேட்டரிதான். இரட்டை இணைப்பு பற்றிச் சொன்னதை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். பேட்டரி வாங்கும்போது எண்களைப் பார்க்க நேரம் ஒதுக்குகிறோம், விலை பேசுகிறோம். அதே அக்கறையைக் கட்டுவதற்கும் கொடுங்கள். கடைக்காரர் மாட்டிக் கொடுத்தாலும் சாவியைத் திருப்பும் முன் நீங்களே ஒருமுறை பேட்டரியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.